படித்துறையில் மந்திர எய்தல் போட்டி: ஆட்டம் நடத்துபவருக்கு ஒரு வழிகாட்டி

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் கற்பனை உலக ஆட்டங்களில், மந்திரக்காரர்களுக்கென்று தனியாக ஓர் எய்தல் போட்டி வைத்தால் என்ன என்ற எண்ணம் ஆட்டம் நடத்துபவர் எவருக்கும் ஒருநாள் வரும். வந்தவுடன் பெரும்பாலோர் செய்வது, நூறு அடி தள்ளி ஒரு பலகையை நட்டு, நடுவில் அடிப்பவருக்குப் பரிசு என்று அறிவித்துவிட்டு, எல்லோரையும் வரிசையாகப் பகடை உருட்டச் சொல்வதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பத்து நிமிடத்தில் போட்டி முடிந்துவிட்டது. வென்றவருக்கே தாம் எதனால் வென்றோம் என்பது விளங்கவில்லை. அங்கே நடந்தது போட்டியன்று, குலுக்கல். பகடை கையை விட்டுப் போவதற்கு முன்பே ஆடுபவர் எதையேனும் தீர்மானித்திருக்க வேண்டும், அந்தத் தீர்மானத்தில் அவர் தவறக்கூடிய இடமும் இருக்க வேண்டும். அப்போதுதான் அது எய்தல். கீழே சொல்லப்படும் ஏற்பாடுகள் எல்லாம் அந்த ஒன்றுக்காகவே.

நாங்கள் ஆடுவது கும்பகோணத்தில், ஞாயிறு பிற்பகல்களில், ஒரு பழைய வீட்டின் திண்ணையில். என்னைச் சேர்த்து ஐந்து பேர். விதிகள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பினுடையவை. அதன் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டுவிட்டதால், புத்தகம் வாங்காதவர்களும் இதற்குத் தேவையான விதிகளைச் செலவின்றிப் படித்துக்கொள்ள முடியும். ஆர்மர் கிளாஸ் என்பதை, அதாவது இலக்கைத் தொடுவதற்குப் பகடையில் எட்ட வேண்டிய எண்ணை, எங்கள் மேசையில் ஏசி என்றே சொல்வோம். இங்கும் அப்படியே எழுதுகிறேன். 20 முகப் பகடையை உருட்டி, அதனுடன் பாத்திரத்தின் தேர்ச்சி எண்ணையும் மந்திரத்திறன் எண்ணையும் கூட்டி, கூட்டுத்தொகை ஏசியை எட்டினால் பட்டது, எட்டாவிட்டால் படவில்லை. பாத்திரங்கள் ஆட ஆட ஏறிப்போகும் நிலைகளில் முதல் நிலையில் இருக்கும் தேர்ந்த மந்திரக்காரர் ஒருவருக்கு இந்தக் கூடுதல் எண் பொதுவாக 5.

களம்

களத்தை நான் ஆற்றங்கரைப் படித்துறையில் வைக்கிறேன். என் ஆட்ட உலகில் ஓடும் ஆறு காவிரியன்று. ஆனால் படித்துறையை அப்படியே இங்கிருந்துதான் எடுத்துக்கொண்டேன். மேட்டூரைத் திறந்து, கல்லணை தாண்டித் தண்ணீர் வந்த பிறகு ஒரு படித்துறை எப்படி இருக்கும், தை கழிந்து ஆறு வெறும் மணலாகக் கிடக்கும்போது அதே படித்துறை எப்படி இருக்கும் என்பதை இந்த ஊரில் யாருக்கும் விவரிக்க வேண்டியதில்லை. ஒரே இடம் இரண்டு களங்களாகிவிடுகிறது: மணல் தெரியும் காலத்தில் அசையாத இலக்குகள், புதுப்புனல் வந்த காலத்தில் மிதந்து நகரும் இலக்குகள். எய்பவர் மேல்படியில் நிற்பார், இலக்குகள் ஆற்றுக்குள் நட்ட மூங்கில்களில் இருக்கும், கூட்டம் இருபுறமும் நிற்கும்.

இலக்குகளுக்குப் பின்னால் தண்ணீரோ மணலோதான் இருக்க வேண்டும் என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். முதல் முறை நான் போட்டியை ஒரு களத்துமேட்டில் வைத்தேன். அழகுக்காக, இலக்குகளின் பின்னால் இரண்டு வைக்கோல் போர்களையும் வர்ணித்துவிட்டேன். ஃபயர் போல்ட் என்னும் தீக்கணை, யாரும் அணிந்தோ ஏந்தியோ இராத எரியக்கூடிய பொருளின் மேல் பட்டால் அது தீப்பற்றும் என்று விதியிலேயே இருக்கிறது. தவறிய கணை எங்கே போகிறது என்று விதி சொல்வதில்லை. ஆனால் மேசையில் இருந்தவர்கள் கேட்டார்கள், நானும் வாய்தவறி "போரில் விழுகிறது" என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு இரண்டு மணி நேரம் எல்லோரும் குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். போட்டியை யாரும் திரும்ப நினைக்கவில்லை.

தொலைவு என்னும் பொறி

புதிதாக நடத்துபவர் இலக்கைத் தள்ளித் தள்ளி வைத்தால் எய்வது கடினமாகும் என்று நினைப்பார். வில்லுக்கு அது ஓரளவு பொருந்தும், ஏனென்றால் வில்லுக்கு இயல்பான வீச்சு, நீண்ட வீச்சு என்று இரண்டு அளவுகள் உண்டு. நீண்ட வீச்சில் எய்தால் இரு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். மந்திரத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. தீக்கணையின் வீச்சு 120 அடி என்றால், பத்தடியில் இருப்பதும் 119 அடியில் இருப்பதும் அதற்கு ஒன்றே. 121ஆவது அடியில் இருப்பதை அது தொடவே தொடாது. ஆகவே தொலைவைக் கூட்டுவதால் கடினம் கூடுவதில்லை, குறைந்த வீச்சு உள்ள மந்திரத்தை வைத்திருப்பவர் போட்டியிலிருந்து வெளியேறுவது மட்டுமே நடக்கும். ரே ஆஃப் ஃப்ராஸ்ட் என்னும் பனிக்கதிரின் வீச்சு 60 அடிதான். எனவே மூன்று இலக்குகளையும் 60 அடிக்குள்ளேயே வையுங்கள். 20 அடி, 40 அடி, 60 அடி என்று பிரித்து வைப்பது கண்ணுக்கு மட்டும்.

கடினத்தைத் தருவது பொருள். துணி, காகிதம், கயிறு போன்றவற்றுக்கு ஏசி 11, கண்ணாடிக்கும் பனிக்கட்டிக்கும் 13, மரத்துக்கு 15, கல்லுக்கு 17, இரும்புக்கு 19 என்று விதித்தொகுப்பிலேயே பட்டியல் உள்ளது. நான் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 20 அடியில் பின்னிய தென்னங்கீற்று, கயிற்றின் இனத்தில் சேர்த்து 11. 40 அடியில் தலையாட்டிப் பொம்மை. தஞ்சாவூரில் அது களிமண்ணாலும் காகிதக்கூழாலும் செய்யப்படுவது என்றாலும் என் ஆட்டத்தில் அதை மரத்தில் கடைந்து 15 ஆக்கியிருக்கிறேன். 60 அடியில், மூங்கில் நுனியில் தொங்கும் இரும்பு வளையம், 19. பொம்மையைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு: அடி கனமாகவும் உருண்டையாகவும் இருப்பதால் பட்டவுடன் சாய்ந்து, ஆடி, தானே நிமிர்ந்துவிடும், ஒவ்வொரு முறையும் புதிய இலக்கு வைக்கும் வேலை இல்லை. கீற்றுதான் தீக்கணைக்கு எரிந்துபோகும், அதை மாற்றிக் கட்ட ஒரு சிறுவனை நிறுத்திவைத்தால் போதும்.

புள்ளிகள்

இங்கேதான் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும். கூடுதல் எண் 5 உள்ளவருக்குக் கீற்றைத் தொடும் வாய்ப்பு 75 விழுக்காடு, பொம்மையை 55, வளையத்தை 35. இதைப் பார்க்காமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளி கொடுத்தால், கீற்றை எய்பவருக்குச் சராசரியாக முக்கால் புள்ளியும் மற்ற இரண்டை எய்பவருக்கு ஒரு புள்ளிக்குச் சற்று மேலும் கிடைக்கும். கீற்றை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நான் கீற்றுக்கு 4, பொம்மைக்கு 5, வளையத்துக்கு 8 என்று வைத்திருக்கிறேன். சராசரி முறையே 3, 2.75, 2.8. மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவதால், எது சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லாமல் போகிறது. அந்த நேரத்தில் யார் முன்னால் இருக்கிறார், எத்தனை எய்தல் மீதம் இருக்கிறது என்பதே விடையை முடிவு செய்கிறது. பாத்திரங்கள் ஐந்தாம் நிலைக்கு வந்து கூடுதல் எண் 7 ஆகிவிட்டால் வளையத்தின் சராசரி 3.6 ஆக ஏறிவிடும், அப்போது அதன் புள்ளியை 7 ஆகக் குறையுங்கள்.

ஆளுக்கு ஐந்து எய்தல். எய்வதற்கு முன் இலக்கின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு மாற்றக்கூடாது. வேறொன்றில் பட்டாலும் புள்ளி இல்லை. பகடையில் 20 விழுந்தால் எப்படியும் பட்டதாகவும் 1 விழுந்தால் எப்படியும் தவறியதாகவும் கொள்வது வழக்கம், அதை மாற்ற வேண்டாம். ஆனால் 20க்கு இரட்டைப் புள்ளி கொடுக்கும்படி மேசையில் யாராவது கெஞ்சினால் இணங்காதீர்கள், குலுக்கல் அந்த வழியாகத்தான் திரும்ப உள்ளே வரும். ஒவ்வொரு சுற்றிலும் குறைந்த புள்ளி உள்ளவர் முதலில் எய்ய வேண்டும்.

இந்தக் கடைசி விதி என்ன செய்கிறது என்பதற்கு எங்கள் மேசையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நால்வர் போட்டியில் இருவர் பின்தங்கிவிட, என் அக்கா மகனின் பாத்திரத்துக்கு 17 புள்ளி, வங்கியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அக்காவின் பனிமந்திரக்காரிக்கு 13. இருவருக்கும் ஒரே ஓர் எய்தல் மீதம். அக்கா முதலில். பொம்மையை அடித்தால் அவருக்கு 18, ஆனால் பையன் கீற்றை அடித்தாலே 21 ஆகி வென்றுவிடுவான். வளையத்தை அடித்தால் 21. அதன் பிறகு அவனுக்குக் கீற்று சமநிலையை மட்டுமே தரும், வெல்ல வேண்டுமானால் பொம்மைக்குப் போயாக வேண்டும். அக்கா விரல்விட்டு எண்ணிவிட்டு, "வளையந்தான், பட்டாப் படுது" என்றார். 13 விழுந்தது. ஐந்தைக் கூட்டினால் 18. ஒன்று குறைவு. கதிர் வளையத்தின் அடியில் தொங்கிய நீர்த்துளியை உறையவைத்துவிட்டுப் போனது என்று நான் சொன்னேன். திண்ணையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. "மாமா, நான் இனிமே எய்யணுமா?" என்று பையன் கேட்டான். எய்யத் தேவையில்லாமலே அவன் வென்றிருந்தான்.

தவறுதலை வர்ணிப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒன்றிரண்டு எண் குறைந்து தவறியதற்கும் பத்து எண் குறைந்து தவறியதற்கும் வேறுபாடு காட்டுங்கள். முன்னதற்கு நீர்த்துளி உறையலாம், பின்னதற்குப் படியில் நின்ற வாத்து பறக்கலாம்.

எந்த மந்திரம் செல்லும்

தாக்குதல் பகடை உருட்டும் மந்திரம் மட்டுமே செல்லும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மேஜிக் மிஸைல் முதல் நிலையிலேயே மூன்று கணைகளை விடும், மூன்றும் தவறாமல் படும். அதை அனுமதித்தால் போட்டி அங்கேயே முடிந்தது. எல்ட்ரிச் பிளாஸ்ட் ஐந்தாம் நிலையில் இரண்டு கதிர்களாகவும் பதினோராம் நிலையில் மூன்றாகவும் பிரியும், ஒவ்வொன்றுக்கும் தனிப் பகடை. ஸ்கார்ச்சிங் ரே தொடக்கத்திலேயே மூன்று கதிர். ஆகவே ஓர் எய்தலுக்கு ஒரு பகடைதான், எத்தனை கதிர் பிரிந்தாலும் முதற்கதிர் மட்டுமே கணக்கில் வரும். காயத்தின் அளவு எதற்கும் தேவையில்லை, பட்டதா இல்லையா என்பது மட்டும் போதும்.

இன்னொரு சிக்கலை நான் இரண்டாவது போட்டியில்தான் கண்டேன். 2014 பதிப்பின்படி தீக்கணை உயிரையும் பொருளையும் குறிபார்க்கலாம். பனிக்கதிரும் எல்ட்ரிச் பிளாஸ்டும் உயிரை மட்டுமே குறிபார்க்கும். எழுத்துக்கு எழுத்து விதியைப் பிடித்தால் பாதிப் பேர் ஒரு பொம்மையைக்கூட எய்ய முடியாது. விதியைத் தள்ளிவைக்கிறேன் என்று சொல்வதைவிட, கதைக்குள்ளேயே வழி செய்வது எனக்குப் பிடித்திருக்கிறது: பொம்மைகளையும் கீற்றையும் வளையத்தையும் செய்து தரும் கைவினைஞர், விழா நாள் பொழுது சாயும் வரை அவற்றுக்குக் கடுகளவு உயிர் ஊதிவிடுகிறார், அதனால் மந்திரங்கள் அவற்றை உயிர் என்றே எடுத்துக்கொள்கின்றன. பொம்மை தலையாட்டுவதற்கும் இதனால் ஒரு பொருள் கிடைத்துவிட்டது. சேக்ரட் ஃப்ளேம் போன்ற, எதிரி தப்பிக்கப் பகடை உருட்டும் மந்திரம் மட்டுமே வைத்திருக்கும் குருமார் பாத்திரங்களையும், மற்றவர்களைப் போலவே தாக்குதல் பகடை உருட்ட விடுங்கள். எண்ணில் பெரிய வேறுபாடு வராது. வில்லும் வாளும் வைத்திருப்பவர்கள் பந்தயம் கட்டலாம், கூட்டத்தில் திருடனைத் தேடலாம்.

மறைவும் நீரோட்டமும்

முதல் மூன்று எய்தல்கள் மறைவில்லாத இலக்குகளுக்கு. நான்காவதிலிருந்து நான் நாணற்புதர்களைக் கொண்டுவருகிறேன்: பாதி மறைவு என்றால் ஏசியுடன் 2, முக்கால் மறைவு என்றால் 5 கூடும். புதுப்புனல் காலத்துப் போட்டியில் இலக்குகளை வாழைமட்டைத் தெப்பங்களில் ஏற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் இருபது அடி கீழே நகரவிடுவேன். நகர்வதற்காக ஏசியைக் கூட்டச் சொல்லும் விதி எதுவும் இல்லை, நானும் கூட்டுவதில்லை. வளையம் இன்னும் ஒரு சுற்றில் வீச்சைத் தாண்டிவிடும் என்பதே போதுமான நெருக்கடி. மார்கழி மூடுபனியை வைத்தும் ஆடலாம், ஆனால் அடர்ந்த பனியில் எல்லோருமே இரு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டியிருக்கும், ஆட்டம் சோர்ந்துவிடும்.

இடையூறும் ஏமாற்றும்

ஆளுக்கு ஒரு வெற்றிலை கொடுங்கள். உண்மையான வெற்றிலையே கொடுக்கலாம், இந்த ஊரில் அதற்கா பஞ்சம். இன்னொருவர் இலக்கைச் சொன்ன பிறகு, பகடை உருட்டுவதற்கு முன், வெற்றிலையை மேசையில் வைப்பவர் அவருடைய கவனத்தைக் கலைக்க முயலலாம்: கேலி, தும்மல், தவில்காரருக்குச் சாடை, எதுவானாலும் வாயால் சொல்லி ஆடிக் காட்ட வேண்டும். இருவரும் தத்தம் திறனுக்கு ஏற்பப் பகடை உருட்டி, கலைப்பவர் வென்றால் எய்பவர் இரு பகடையில் குறைந்ததை எடுப்பார். பொம்மைக்கு இருந்த 55 விழுக்காடு ஏறத்தாழ 30 ஆகிவிடும். ஒருவர் மேல் ஒரு சுற்றில் ஒரு வெற்றிலைதான். பெரும்பாலோர் அதைக் கடைசிச் சுற்று வரை வாடவிட்டு வைத்திருப்பார்கள்.

ஏமாற்றைத் தடை செய்யாதீர்கள், பிடிபடுவதற்கு வழி செய்யுங்கள். கூட்டத்தில் நிற்கும் நண்பர் பிளெஸ் என்னும் வாழ்த்தை ஓதினால் எய்பவரின் ஒவ்வொரு பகடைக்கும் 4 முகப் பகடை ஒன்று கூடும், சராசரியாக இரண்டரை. கீற்றின் வாய்ப்புக்கும் பொம்மையின் வாய்ப்புக்கும் இடையே உள்ள தூரம் நான்கு எண்தான் என்பதை நினைத்தால் அது எவ்வளவு பெரியது என்று தெரியும். அதை ஓத வாயும் கையும் அசைய வேண்டும், ஆகவே பார்க்கத் தெரிந்தவர் பார்த்துவிடுவார். நடுவருக்கு டிடெக்ட் மேஜிக் என்னும், மந்திரம் இருப்பதைக் கண்டறியும் மந்திரத்தைக் கொடுங்கள். அதன் வீச்சு 30 அடி என்பதால் அவருடைய மணையை எய்பவருக்குப் பத்தடியில் போட்டால் எய்பவர் மேல் இருக்கும் வாழ்த்தின் ஒளி அவர் கண்ணில் படும். பிடிபட்டவரின் புள்ளிகளைப் பறிப்பதைவிட, உடுத்த துணியோடு ஆற்றில் மூன்று முழுக்குப் போடவைத்து அந்தச் சுற்றை இழக்கச் செய்வது கூட்டத்துக்கு அதிகம் பிடிக்கிறது.

புள்ளிகளை எழுதிவைக்காமல், பல்லாங்குழிப் பலகையில் ஆளுக்கொரு குழி ஒதுக்கிப் புளியங்கொட்டை போட்டு வருகிறோம். யார் முன்னால் இருக்கிறார் என்பதைக் குழியைப் பார்த்தே எல்லோரும் தெரிந்துகொள்கிறார்கள், பிறர் குழியை எண்ணும் கள்ளப் பார்வையும் ஆட்டத்தில் சேர்ந்துவிடுகிறது.

நீரில் பார்த்து எய்தல்

சமநிலை வந்தால் இந்தச் சுற்று. பாஞ்சாலியின் சுயம்வரத்தில் மேலே சுழலும் மீனைக் கீழே நீரில் பார்த்து எய்த கதையைத் திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மூங்கில் உச்சியில் மரமீன், ஏசி 15. எய்பவர் மீனை நிமிர்ந்து பார்க்கக்கூடாது, படியருகில் தெரியும் நிழலைத்தான் பார்க்க வேண்டும். இலக்கை நேரே காணாமல் எய்பவர் இரு பகடையில் குறைந்ததை எடுப்பது விதி. ஆளுக்கு இரண்டு எய்தல் தருகிறேன், ஒரு மாற்று வழியோடு: ஒன்றைக் கைவிட்டு நிழலை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றால், மற்றொன்றை இயல்பாக, ஒரே பகடையில் எய்யலாம்.

எது மேல்? கூடுதல் எண் 5 உள்ளவர் அவசரப்பட்டு இரண்டையும் எய்தால், ஒன்றாவது படுவதற்கு 51 விழுக்காடு வாய்ப்பு. பொறுத்திருந்து ஒன்றை எய்தால் 55. கூடுதல் எண் 7 என்றால் முறையே 67, 65. இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் ஆடுபவர்கள் கணக்கை விட்டுவிட்டுத் தம் பாத்திரத்தின் குணத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்; பொறுமையற்ற பாத்திரம் இரண்டையும் எய்கிறது, முதிய பாத்திரம் நீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. வெற்றிலை இந்தச் சுற்றில் செல்லாது. இருவரும் தவறினால் மீண்டும் இதே சுற்று, மீன் ஒரு முழம் மேலே.

பரிசாகப் பொற்காசு வைத்தால் அடுத்த அமர்வில் மறந்துவிடுவார்கள். நான் கோரைப்புல் மோதிரம் ஒன்றை வைத்தேன்: அணிந்திருப்பவர் நாளுக்கு ஒரு முறை, பாதி மறைவைப் பொருட்படுத்தாமல் எய்யலாம். அது இப்போது என் அக்கா மகனிடம் இருக்கிறது. மூன்று அமர்வுகளாகியும் அவன் அதைப் பயன்படுத்தவில்லை, அடுத்த புதுப்புனல் போட்டிக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறானாம். அந்தப் போட்டிக்கான நாணற்புதர்களை எல்லாம் நான் முக்கால் மறைவாக வளர்த்துவிட்டேன் என்பதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.